கணக்கு யார் வீட்டில் இருக்கிறது?

எங்க நைனா நாற்பது வருஷம் கூலித்தறி நெய்தவர். அவர் எத்தனை சேலை நெய்தார் என்பதற்கு அவரிடம் ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாது. வாங்கின முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்பதெல்லாம் முதலாளி வீட்டு நோட்டில் இருந்தது. தீபாவளிக்கு முன்னால் அந்த நோட்டைத் திறப்பார்கள். "இன்னும் ஏழாயிரம் நிக்குது" என்பார்கள். நைனா தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். அம்மா கேப்பா: "போன வருசமும் ஏழாயிரந்தான சொன்னாங்க? நீ ராவும் பகலும் மெதிச்சது இன்னா ஆச்சி?" நைனாவுக்குப் பதில் தெரியாது. பதில் எழுதியிருந்த நோட்டு அவர் வீட்டில் இல்லை.

இதைச் சொல்லாமல் ஹார்டு டிஸ்க்கைப் பற்றி என்னால் எழுத முடியாது. 2012இலிருந்து எங்கள் பக்கத்துச் சேரிகளில் நாங்கள் சிலர் சேர்ந்து பெரியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்கிறோம். நிலப் பத்திரங்களை, ரேஷன் கார்டுகளை, பழைய கோர்ட்டு காகிதங்களை, கல்யாணப் போட்டோக்களைப் படமெடுத்து வைக்கிறோம். எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. "எந்த டிஸ்க் வாங்கலாம், எது நம்பகமானது?" என்று கூட்டங்களில் தோழர்கள் கேட்கிறார்கள். இந்தக் கட்டுரை அதற்கான பதில்தான். ஆனால் கம்பெனிப் பெயரைச் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு ஹார்டு டிஸ்க் அந்நியச் சரக்கு கிடையாது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் தறிமேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் கயிற்றால் கோர்த்துத் தொங்கும். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் கிடக்கும். மயிலும் அன்னமும் மாங்காயும் சேலைக்கு வருவது இந்த இரண்டே இரண்டு கட்டளையில்தான். நெய்கிறவனுக்குப் பூ மனப்பாடமாகத் தெரிய வேண்டியதில்லை, அட்டை நினைவு வைத்துக்கொள்ளும். பிரான்சின் லியோன் நகரத்தில் 1800களின் தொடக்கத்தில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய இயந்திரம் இது. ஓட்டை போட்ட அட்டையில் விவரத்தை வைக்கும் இதே முறையைக் கொண்டு 1890இல் ஹெர்மன் ஹாலரித் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைக் கூட்டினார். அவர் கம்பெனி 1911இல் வேறு கம்பெனிகளோடு இணைந்தது. 1924இல் அதற்கு ஐ.பி.எம். என்று பெயர் வந்தது. அந்த ஐ.பி.எம். 1956இல் உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்தது. இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது, எடை ஏறக்குறைய ஒரு டன், கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்து. இன்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற டிஸ்கில் அதைப்போல லட்சக்கணக்கான மடங்கு கொள்ளும்.

எங்க நைனாவின் தலைக்குமேல் தொங்கின அட்டையும் என் பையில் இருக்கிற டிஸ்க்கும் ஒரே வம்சம். ஒரு வித்தியாசம் உண்டு. அந்த அட்டை முதலாளியுடையது. பூவும் அவனுடையது. நைனாவுடையது காலும் கையும் மட்டும்.

நம் ஊர்கள் நினைவை எப்படிச் சேர்த்து வைத்தன என்று பாருங்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். யார் எத்தனை காசு கொடுத்தான், எத்தனை விளக்கு எரிய வேண்டும், எத்தனை ஆடு, எத்தனை வேலி நிலம் என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. வெள்ளைக்காரன் வந்து அதையெல்லாம் மைப்படி எடுத்தான். 1890இல் ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியே மாமல்லபுரம், காஞ்சிபுரம் கல்வெட்டுகளோடுதான் தொடங்குகிறது. கல்லில் ஒரு பிரதி, மைப்படியில் ஒரு பிரதி, புத்தகத்தில் ஆயிரம் பிரதி. இன்று கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக் கணக்கை அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள்வைத்துக் காப்பாற்றுகிறது.

அந்தக் கல்லில் நாம் இல்லையா? இருக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரி நீக்கிய நிலங்களை எண்ணும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. இடத்தின் பெயராக, கணக்கில் கழிக்க வேண்டிய நிலமாக வருகிறோம். அங்கே இருந்தவன் என்ன நினைத்தான் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

கல்லுக்குப் பிறகு காகிதம் வந்தது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை குறித்து எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892 செப்டம்பரில் வந்த ஆணையும்தான் நம் பஞ்சமி நிலத்துக்கு மூலம். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்கிற நிலம். பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை எழுதின காகிதம் யார் வீட்டில் இருந்தது? கர்ணத்தின் வீட்டு மரப்பெட்டியில் இருந்தது. பரம்பரைக் கிராம அதிகாரிகளை 1980இல் அரசு ஒழிக்கும் வரைக்கும் ஊர்க் கணக்கு என்பது ஒரு சாதியின் வீட்டுச் சாமான். பட்டாவில் பெயர் மாறினது, "கண்டிஷன்" என்ற சொல் அடங்கலிலிருந்து காணாமல்போனது எல்லாம் பேனா வைத்திருந்தவன் செய்த வேலை. கத்தி எடுக்கவே தேவையில்லை.

அந்தக் காகிதத்தைக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கச் செங்கல்பட்டில் திரண்ட மக்களில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். ஆவணம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் முகம் ஞாபகம் வராது. இந்த இரண்டு பேர்தான் ஞாபகம் வருவார்கள்.

நாம் எழுதாமல் இருந்தோமா என்றால் அதுவும் பொய். நம் செங்கல்பட்டு மண்ணில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி 1914இல் இறக்கும் வரை நடத்தினார். 1869 தொடங்கி நம்மவர் நடத்தின இதழ்களைத் தேடி ஜெ. பாலசுப்பிரமணியம் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அவற்றில் பலவற்றின் ஒரு பிரதிகூடக் கைக்குக் கிடைக்கவில்லை. பத்திரிகைகளைக் கண்காணிக்க வெள்ளைக்கார அரசு ஆங்கிலத்தில் எடுத்து வைத்த சுருக்க அறிக்கைகளில்தான் பல இதழ்களின் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. யோசித்துப் பாருங்கள். நம் தாத்தன் எழுதினதை நாம் வைத்திருக்கவில்லை, உளவு பார்த்தவன் வைத்திருந்தான்! அயோத்திதாசரின் எழுத்து மட்டும் எப்படி வந்தது? அன்பர்கள் சிலர் தங்கள் வீடுகளில் பழைய 'தமிழன்' தாள்களை விடாமல் வைத்திருந்தார்கள். அதைத் தேடித் தொகுத்து ஞான. அலாய்சியஸ் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். எண்பத்தைந்து வருஷம் கழித்து.

இதெல்லாம் மனசில் இருந்ததால்தான் 2012இல் ஆளுக்கு நூறு இருநூறு போட்டுச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கினோம். அதற்கு முந்தின வருஷம் தாய்லாந்தில் பெருவெள்ளம். அங்கே ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி உலகம் முழுக்க விலை ஏறியிருந்தது. ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து செருகினால் கம்ப்யூட்டர் 931 என்று காட்டுகிறது. கூட வந்த பையன் கத்தினான்: "யண்ணா, ஆயிரம்னு சொல்லி துட்டு வாங்கிக்கினு அறுவத்தொம்பத முழுங்கிட்டான்!" விஷயம் இதுதான். செய்கிற கம்பெனி ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ணும், விண்டோஸ் 1024ஆல் வகுத்து எண்ணும். சரக்கு ஒன்று, படி இரண்டு. ஆண்டை வீட்டில் வாங்குவதற்கு ஒரு மரக்கால், அளப்பதற்கு ஒரு மரக்கால் வைத்திருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் புரிந்துவிடும்.

வேகம் பற்றியும் ஒரு சொல். பெட்டியில் எழுதியிருக்கிற வேகம் கம்பியின் வேகம். யு.எஸ்.பி. 3.0 என்றால் நொடிக்கு 5 கிகாபிட் என்று போட்டிருப்பான். உள்ளே சுற்றுகிற தட்டுக்கு அந்தத் திராணி கிடையாது. சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க் நொடிக்கு நூறு மெகாபைட் சொச்சம் கொடுத்தால் அதுவே பெரிசு. அந்தக் கணக்கில் நிறைந்த ஒரு டெராபைட்டை நகலெடுக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் வேண்டும். எங்களிடம் இருந்ததோ யு.எஸ்.பி. 2.0 மட்டுமே உள்ள பழைய கம்ப்யூட்டர். அதில் வேகம் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். நகல் பாதியில் போய்க்கொண்டிருக்கும், கரண்டு போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் அந்த ஃபைல் மட்டுமில்லை, டிஸ்கின் அட்டவணையே குழம்பிப்போகலாம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்காரனுக்கும் இல்லாத வீட்டுக்காரனுக்கும் ஒரே டிஸ்க் ஒரே மாதிரி உழைக்காது. பெட்டியின்மேல் அச்சடித்த திறனில் இது இருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது? கண்ணாடி மாதிரி வழவழப்பான தட்டு, காந்தப் பூச்சு பூசியது, நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும். நொடிக்குத் தொண்ணூறு. அதன்மேல் படிக்கிற முனை தொடாமல் மிதக்கும். இடைவெளி தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓடும்போது தட்டி விழுந்தால், தூசி உள்ளே போனால், முனை தட்டைச் சுரண்டிவிடும். நாடா தறியில் ஓடும்போது இழை அறுந்தால் முடிச்சுப் போடலாம். இங்கே முடிச்சுப் போட ஆள் கிடையாது.

எங்கள் வழக்கம் முதலிலிருந்தே மூன்று வீடு. கணக்கு ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவர்கள்தானே எல்லோரும். ஒரு டிஸ்க் என் வீட்டில், ஒன்று வேகவதிக் கரையில் ஒரு தோழர் வீட்டில், ஒன்று உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் ஆசிரியை வீட்டில். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் ஒன்று சேர்ப்பது. 2015 நவம்பர் மழையில் வேகவதி வீட்டில் இடுப்பளவு தண்ணி. டிஸ்க் சேற்றோடு சேறாகப் போனது. எங்களுக்கு ஒரு ஃபைல்கூட நஷ்டமில்லை. அன்றைக்குத் தோழர்கள் கைதட்டாத குறைதான்.

அடுத்தது அப்படி இல்லை. 2016 மே மாதம், அக்னி வெயில். என் வீட்டு டிஸ்க் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 'டக், டக், டக்' என்று அடித்தது. முனை தன் இடத்தைத் தேடித் தேடிக் காணாமல் திரும்புகிற சத்தம் அது. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் எண்பது வயதைத் தாண்டின ஓர் ஆயாவின் பேச்சை இரண்டாம் தடவை பதிந்திருந்தோம். மாமனார் காலத்து நிலம், பஞ்சத்தில் ரெண்டு மூட்டை கேழ்வரகுக்கு வெத்துக் காகிதத்தில் கைநாட்டு வைத்தது, எந்தப் பனைமரத்திலிருந்து எந்தக் கல் வரைக்கும் என்று எல்லை சொன்னது எல்லாம் அதில் இருந்தது. ரெக்கார்டரில் இடம் இல்லாததால் அன்றைக்கே டிஸ்குக்கு மாற்றியாயிற்று. நகலெடுக்கும் ஞாயிறு வர இன்னும் இரண்டு வாரம். திரும்பப் போய்ப் பதியலாம் என்று கிளம்புவதற்குள் ஆயா போய்விட்டாள். பறை அடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். மற்ற வீடுகளில் இருப்பது முதல் தடவை பேசின நாற்பது நிமிஷம். அதன் கடைசியில், "மீதிய அடுத்த வாட்டி சொல்றன் கண்ணு, வாயி ஒலந்துபோச்சி" என்கிறாள்.

சென்னையில் டேட்டா மீட்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தூசியில்லாத அறையில் வைத்துத் திறக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் டிஸ்க் வாங்கினது போல ஆறு மடங்கு கேட்டார்கள், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. வாரண்டி முடிந்திருந்தது. முடியாமல் இருந்தாலும் புது டிஸ்க் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். எந்தக் கம்பெனியின் வாரண்டியும் டிஸ்குக்குத்தான். ஆயாவின் குரலுக்கு யாரும் வாரண்டி எழுதித்தருவதில்லை.

அப்போதுதான் நம்பகம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். 2007இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துடையது. கம்பெனிகளின் விவரத்தாளில் வருஷத்துக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவான டிஸ்க்தான் கெடும் என்று எழுதியிருக்கும்போது, நடைமுறையில் இரண்டிலிருந்து நான்கு வரை மாற்ற வேண்டியிருந்தது, சில இடங்களில் 13 வரைக்கும் போனது என்று அது சொன்னது. இன்னொன்று கூகுள் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேலான டிஸ்க்குகளைப் பார்த்து எழுதியது. டிஸ்குக்குள்ளேயே தன் உடம்பைத் தானே சோதித்துச் சொல்கிற ஏற்பாடு ஒன்று உண்டு, ஸ்மார்ட் என்று பெயர். கெட்டுப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்தச் சோதனையில் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்தன என்று கூகுள் ஆய்வு சொல்கிறது. மேற்பரப்பில் முதல் பிழை தென்பட்டால், அடுத்த அறுபது நாளில் சாகிற வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு என்பதும் அதே ஆய்வுதான். நமக்கு இதில் இரண்டு பாடம் இருக்கிறது. டிஸ்க் எச்சரித்தால் அன்றைக்கே நகலெடு. எச்சரிக்காவிட்டால் நல்லா இருக்கிறது என்று நம்பாதே.

அதனால் எது நல்ல டிஸ்க் என்ற கேள்விக்கு நான் கொடுக்கிற பதில் இது: இரண்டாவது டிஸ்க்தான் நல்ல டிஸ்க். அதைவிட நல்லது வேறு ஊரில் இருக்கிற மூன்றாவது. இதைத் தொழில் தெரிந்தவர்கள் மூன்று-இரண்டு-ஒன்று என்பார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில். ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே கம்பெனி டிஸ்க் மூன்று வாங்காதீர்கள், ஒரே கொள்முதலில் ஒரே குறை இருக்கலாம். நாங்கள் 2016க்குப் பிறகு மாதக் கடைசி என்பதை எடுத்துவிட்டோம். பதிந்த அன்றைக்கே, ரெக்கார்டரில் அழிப்பதற்கு முன்னால், இரண்டு டிஸ்கில் ஏற வேண்டும். நான்கு ஐந்து வருஷம் ஆன டிஸ்க்கை ஓடிக்கொண்டிருந்தாலும் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறோம்.

பூட்டி வைத்தாலும் பத்திரமில்லை. எங்கள் ஊரில் அத்திவரதரை நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் குளத்திலிருந்து எடுக்கிறார்கள். 1979இல் எடுத்தார்கள், 2019இல் எடுத்தார்கள். மரம் தண்ணிக்குள் தாங்கியது. டிஸ்க் அலமாரிக்குள்ளேயே தாங்காது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது செருகி, ஓடவிட்டு, ஃபைல் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றுகிற தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. இப்போது மலிந்திருக்கிறது. கீழே விழுந்தால் தாங்கும், வேகமும் நாலைந்து மடங்கு கிடைக்கும். ஆனால் கரண்டே காட்டாமல் வருஷக்கணக்கில் வெயில் வீட்டில் போட்டு வைத்தால் அதில் இருக்கிற மின்னூட்டம் கசிந்து பதிவு அழிய வாய்ப்புண்டு. எடுத்துக்கொண்டு அலைய எஸ்.எஸ்.டி., வைத்துக் காக்க ஹார்டு டிஸ்க் என்று பிரித்துக்கொண்டோம்.

"இதெல்லாம் எதுக்குண்ணா, கிளவுடுல போட்டுடலாம்ல?" என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். போடுங்கள், ஒரு பிரதியாக. ஆனால் மேகம் என்று எதுவும் கிடையாது, அதுவும் யாரோ ஒருத்தன் வீட்டு டிஸ்க்தான். கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசம் என்று சேர்த்துக்கொண்டு 2021 ஜூன் 1இலிருந்து அளவு வைத்தது. மைஸ்பேஸ் என்ற பெரிய தளம் 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய ஐந்து கோடிக்கும் மேலான பாட்டுகளைத் தொலைத்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. சர்வர் மாற்றும்போது போய்விட்டது என்றார்கள். வருத்தம் தெரிவித்தார்கள். மறுபடியும் கணக்கு நம் வீட்டில் இல்லை.

இதுவரைக்கும் சொன்னது தொலைந்துபோகும் பயம். இன்னொரு பயம் இருக்கிறது. அதைச் சொன்னவள் ஒரு பெண். வயலில் தனக்கு நேர்ந்ததை எங்களிடம் சொன்னாள். ஊரில் யாருக்கும் சொல்லாததைச் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, நா பேசினது எத்தினி பொட்டியில கீது?" மூன்றில் இருக்கிறது என்றேன். "மூணு ஊட்லயுமா? அங்க இருக்கிற புள்ளைங்க போட்டுக் கேட்டுச்சின்னா?" எங்கள் மூன்று வீட்டுத் தத்துவம் அந்த இடத்தில் வாயடைத்துப்போனது. தொலையாமல் இருக்க எத்தனை நகல் எடுக்கிறோமோ அத்தனை வாசல் திறந்து வைக்கிறோம். ஆண்டையின் கண்ணிலிருந்து காப்பாற்றினதை நம் வீட்டு ஆம்பிளைகளின் காதிலிருந்து யார் காப்பாற்றுவது? பேச்சு அவளுடையது. டிஸ்க் நம் காசில் வாங்கினது என்பதற்காக அது நமக்குச் சொந்தமாகிவிடாது.

அன்றிலிருந்து பெண்களின் சாட்சியம் தனி. டிஸ்கில் அந்தப் பகுதி முழுக்கப் பூட்டி, கடவுச்சொல் இல்லாமல் திறக்காதபடி சங்கேதமாக்கி வைத்திருக்கிறோம். கடவுச்சொல் இரண்டு பெண் தோழர்களிடம் மட்டும் இருக்கிறது, எனக்குத் தெரியாது. மறந்தால் கடவுளாலும் திறக்க முடியாது என்பதால் காகிதத்தில் எழுதி உறையிலிட்டு இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார்கள். பேசினவள் எப்போது வேண்டுமானாலும் அழிக்கச் சொல்லலாம். சொன்னால் எல்லாப் பிரதியிலும் அழிக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. இரண்டு பேர் அப்படிக் கேட்டு அழித்திருக்கிறோம். வரலாற்றுக்கு நஷ்டம் என்று ஒரு பேராசிரியர் வருத்தப்பட்டார். படட்டும்.

வழக்குக்குப் போகிற தோழர்களுக்கு ஒரு விஷயம். கோர்ட்டில் டிஸ்க்கைக் கொண்டுபோய் வைத்தால் மட்டும் சாட்சியமாகிவிடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவுச் சான்றிதழ் கேட்டார்கள். அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதி செய்தது. பதிந்த மூலக் கருவியையே அதன் சொந்தக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே பழைய போன் என்று விற்றுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63ஆம் பிரிவு. அந்தச் சான்றிதழில் ஹாஷ் எண் எழுத வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை. ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். கணக்கிட்டுத் தருகிற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பதிந்த அன்றைக்கே எண்ணை எடுத்து, தேதி போட்டு, நோட்டில் எழுதுங்கள்.

இது கோர்ட்டுக்கு மட்டும் இல்லை. பீமா கோரேகான் வழக்கில் 2018இல் செயல்பாட்டாளர்களின் கம்ப்யூட்டர்களையும் டிஸ்க்குகளையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. ரோனா வில்சன் கம்ப்யூட்டரின் நகலை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங், அடையாளம் தெரியாத ஒருவர் 22 மாதங்களுக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஊடுருவிக் கடிதங்களைச் செருகி வைத்திருக்கிறார் என்று 2021இல் வெளியான அறிக்கையில் சொன்னது. அதே வழக்கில்தான் ஆனந்த் தெல்தும்டே 2020 ஏப்ரல் 14ஆம் தேதி, அம்பேத்கர் பிறந்த நாளில், சரணடைந்து இரண்டரை வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார். நம் டிஸ்கிலிருந்து எடுப்பதற்கு மட்டும் இல்லை, நம் டிஸ்கில் வைப்பதற்கும் ஆள் வருவான். நம்மிடம் என்ன இருந்தது, எந்த நாளில் எப்படி இருந்தது என்று நம்மாலேயே காட்ட முடிய வேண்டும். டிஸ்க்கைக் கைப்பற்றும்போது ஹாஷ் எண்ணை எழுதி ஒரு பிரதி கொடு என்று கேட்க நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, எளிதாகத் தோன்றி எல்லோரும் விட்டுவிடுகிற வேலை. 'வாய்ஸ் 017' என்று பெயர் வைத்த ஃபைல் பத்து வருஷத்தில் அநாதைப் பிணம். யார் பேசியது, எந்த ஊர், என்ன தேதி, யார் கேட்டது, யாருக்கெல்லாம் போட்டுக் காட்டலாம் என்ற ஐந்தையும் எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் மட்டும் எழுதினால் போதாது, கையால் நோட்டிலும் எழுத வேண்டும். டிஸ்க் செத்தாலும் என்ன செத்தது என்று தெரியுமே.

இப்போது எங்கள் நோட்டை எழுதுவது ப்ளஸ் டூ முடித்த இரண்டு பெண்கள். முத்துமுத்தான கையெழுத்து. நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாமா என்று போன மாதக் கூட்டத்தில் விவாதம் வந்தது. கொடுக்கலாம் என்றார்கள் பாதிப் பேர், முன்பு நம்மைப் பற்றி எழுதினவர்கள் நம்மிடம் காட்டினார்களா என்றார்கள் மீதிப் பேர். அந்தப் பெண்களில் ஒருத்தி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "குடுங்க. ஆனா நம்ம நோட்டுல குடுத்த தேதியும் வாங்கினவங்க கையெழுத்தும் இருக்கணும்." அடுத்த மாதம் நான்காவது டிஸ்க் வாங்குகிறோம். அது யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை இந்தத் தடவை அந்த இரண்டு பேர்தான் முடிவு செய்யப்போகிறார்கள்.